முதியோர் இல்லத்தில் பத்து மணிக்குப் பிறகு

ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குக் காலை பத்து மணிக்கு மேல் போய் வராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள். குளியல் முடிந்திருக்கும். இட்லி சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கும். எதிரே நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஆட்களும் இருப்பார்கள், ஆனால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேர் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு, தூக்கம், நாலு மணி டீ, அப்புறம் திரும்பவும் அதே நாற்காலி.

அந்த இரண்டரை மணி நேரமும் அந்தச் சாயங்காலமும்தான் என் வேலை. ‘ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர்’ என்று ஆர்டரில் போட்டுக் கொடுத்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே, மலைக்கோட்டை தூரத்தில் தெரிகிற ஓர் இல்லத்தில் இருக்கிறேன். சமீபமாக இந்த வேலைக்குப் பையன்களும் பெண்களும் புதிதாக வருகிறார்கள். சோஷியல் ஒர்க் படித்தவர்கள், நர்ஸிங்கை விட்டு வந்தவர்கள், வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொண்ட பழக்கத்தில் வந்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு, பஜனை, நாற்காலி யோகா, கேக் வெட்டு என்று ஒரு டைம்டேபிள் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஐம்பது அறுபது வருஷம் உழைத்த ஆட்களை நாம் பார்வையாளர்களாக உட்கார வைத்துவிடக் கூடாது. அவர்கள் கைக்கு மறுபடியும் ஒரு காரியம் கிடைக்க வேண்டும். அதை ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவர்களிடம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றினால் மீதியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊரில் இந்த வேலைக்குப் பெரிய வழிகாட்டல் கிடையாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவில், இல்லங்களில் மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று மாநில அரசு வகுக்கலாம் என்றும் இருக்கிறது. நடைமுறையில் பொழுதுபோக்கு என்பது ஒரு டிவியோடும் ஒரு தினசரியோடும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 1987இல் நர்ஸிங் ஹோம்களைச் சீர்திருத்திச் சட்டம் போட்டார்கள். அங்கே இதற்கென்று ஒரு பொறுப்பாளர் கட்டாயம். அவர் பொழுதுபோக்குச் சிகிச்சை படித்தவராகவோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகவோ, மாநிலம் ஒப்புக்கொண்ட பயிற்சியை முடித்தவராகவோ, இத்தனை வருஷம் அனுபவம் உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம்மிடம் மருத்துவப் பக்கம் வளர்ந்திருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையே திறந்தாயிற்று. ஆனால் நோய் இல்லாத நேரத்தில், அதாவது நாளின் பெரும்பகுதியில், அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க ஆள் இல்லை. 2011இல் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2021இல் அது 13.6 என்று கணிக்கப்பட்டது. 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கை. ஆகவே இந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சேர்ந்தவுடன் எதையும் நடத்தாதீர்கள். கூட உட்காருங்கள், அது போதும். கண்ணாடியையும் காதையும் கவனியுங்கள். ‘இந்த அம்மா எதிலும் கலந்துக்க மாட்டாங்க’ என்று ரெஜிஸ்டரில் எழுதியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் அவர் போட்டிருப்பது பக்கத்துக் கட்டில்காரரின் கண்ணாடியாக இருக்கும். காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும். தகரக் கூரைக்குக் கீழே மைக்கில் பேசினால் எதிரொலிதான் கேட்குமே தவிர பேச்சு கேட்காது. மைக்கைத் தூக்கி வைத்துவிட்டு எட்டுப் பேரை வட்டமாக உட்கார வையுங்கள், ஃபேனைக் குறையுங்கள், நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். கண்புரை என்றால் மதுரை அரவிந்த் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதும் ஆக்டிவிட்டி வேலைதான் என்பது என் கட்சி. பார்வை தெரியாதவரிடம் தாயக்கட்டையைக் கொடுத்து என்ன பயன்?

அடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போடுங்கள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் நர்ஸ் அக்காவின் ஃபைலில் இருக்கும். உங்கள் நோட்டில் வேறு விஷயம் வர வேண்டும். எந்த ஊர், என்ன வேலை, விடிகாலை எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், காபியா டீயா, எந்தக் கோவில் திருவிழாவுக்கு விடாமல் போவார், யாரோடு பேசப் பிடிக்காது. நம் பகுதியில் இந்த நோட்டு ரொம்பச் சீக்கிரம் நிறைந்துவிடும். மாங்காய்ப் பூட்டு செய்தவர், பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் இருந்தவர், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர், வேடசந்தூரில் புகையிலை போட்டவர், நூல் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர், நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லி பறித்தவர், நத்தம் பக்கம் புளி தட்டியவர், வெங்காயப் பேட்டையில் கணக்கு எழுதியவர், கமலை இறைத்தவர். 1985இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. பாதிப்பேர் இன்னும் ‘மதுரை ஜில்லா’ என்றுதான் சொல்வார்கள். திருத்தாதீர்கள்.

பூட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பாட்டுக்கு வர மாட்டார், பிரேயருக்கு வர மாட்டார். ஸ்டோர் ரூம் பூட்டு ஒருநாள் மாட்டிக்கொண்டது, சுத்தியலால் உடைக்கப் போனார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்து வந்தவர், “ஏம்மா, உடைக்காதீக, கொண்டா இங்க” என்றார். அரம் வேண்டும் என்றார். மேனேஜருக்குப் பயம், கூர்மையான சாமான் ஆயிற்றே என்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், சாமான்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். பூட்டைப் பிரித்து உள்ளே இருந்த லீவர் ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, எந்தச் சாவிப் பல் எதைத் தூக்கும் என்று எங்கள் வார்டு பையன்களுக்கு அவர் விளக்கியபோது அவர் குரலே வேறாக இருந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். “குறியீடு குடுத்தாக, செய்ய ஆளு எங்க தாயி?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பழைய பூட்டு வாங்கிப் போட ஆரம்பித்தோம். காலையில் குளித்துவிட்டு அவரே வந்து உட்காருவார்.

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதை மீறக் கூடாது. சின்ன வெங்காயம் உரிக்கப் பிடிக்கிறது என்று நாலு அம்மாக்கள் சொன்னால் உரிக்கட்டும். பேசிக்கொண்டே உரிப்பார்கள், நல்லதுதான். ஆனால் அவர்கள் உரிப்பார்கள் என்று நம்பிச் சமையல்கட்டில் ஓர் ஆளைக் குறைத்தால் அது வேலை வாங்குவது. எனக்கு இதில் சமரசமே கிடையாது. இன்றைக்கு உரிக்கப் பிடிக்கவில்லை என்றால் அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். அப்படி இருந்தால்தான் அது அவர்கள் விருப்பம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் செய்து 1976இல் வெளியிட்டது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, எந்த ராத்திரி சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்றார்கள். ஒரு செடியை அவர்களையே தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் அதே செடி, அதே சினிமா. ஆனால் எந்த ராத்திரி என்பதை நிர்வாகம் முடிவு செய்தது, செடிக்கு நர்ஸ் தண்ணீர் ஊற்றினார். சில வாரத்திலேயே முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். 1991இல் நியூயார்க் மாநிலத்து நியூ பெர்லின் என்ற சின்ன ஊரில் டாக்டர் பில் தாமஸ் ஒரு நர்ஸிங் ஹோமுக்குள் நாய், பூனை, நூறு கிளி, தோட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். தனிமை, கையறு நிலை, சலிப்பு என்ற மூன்றும்தான் இல்லவாசிகளை வாட்டுகின்றன என்பது அவர் கண்டது. நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் தங்கியிருப்பவர்களே அன்றாட நிர்வாகத்தில் பங்கெடுக்கிறார்கள். அதற்கும் முன்னால், நமக்கு ரொம்பப் பக்கத்தில், டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் கைவேலையைக் கல்வியின் நடுவில் வைத்தது. சின்னாளபட்டி, அம்பாத்துறைப் பக்கத்து முதியவர்களிடம் ராட்டையைக் கொடுத்துப் பாருங்கள். சிலர் கை தானாக நூற்கும்.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் மிரள்வது இங்கேதான்.

‘நான் யாருன்னு தெரியுதா?’ என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், ஆயாக்கள் கேட்பார்கள், வந்து போகிற எல்லோரும் கேட்பார்கள். அது பரீட்சை. தோற்பது அவர்களுக்குத் தெரியும், முகம் சுருங்கிவிடும். ‘நான் செல்வி வந்திருக்கேன் பாட்டி’ என்று நம் பெயரை நாமே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். லண்டனில் உருவான ‘அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை’ என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தரம், ஏழு வாரம், மொத்தம் பதினாலு அமர்வு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் அதைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ப எடுத்துச் செய்திருக்கிறது. சாப்பாடு, பிள்ளைப்பருவம், சத்தங்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். அதில் எனக்குப் பிடித்த விதி, விவரம் கேட்காதே, அபிப்பிராயம் கேள் என்பது. ‘உங்க கல்யாணம் எந்த வருஷம்?’ என்பதற்குப் பதில் வராது. ‘கல்யாணச் சாப்பாட்டுல எது இல்லேன்னா உங்களுக்குக் கோபம் வரும்?’ என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் சேர்ந்து பேசுவார்கள்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் அவர்களில் சிலருக்குப் படபடப்பு வரும். ‘வீட்டுக்குப் போகணும், மாடு கட்டலை, பிள்ளைக ஸ்கூல் விட்டு வந்துரும்’ என்று பையை எடுப்பார்கள். இதுதான் உங்க வீடு என்று வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. ‘என்ன மாடு வச்சிருந்தீங்க, எத்தனை படி கறக்கும்?’ என்று கேளுங்கள். கையில் மடிக்கத் துணி கொடுங்கள். இருட்டுவதற்கு முன்னாலேயே லைட்டைப் போட்டுவிடுங்கள். நாலரை மணிக்கே ஏதாவது பழகிய காரியத்தில் உட்கார வைத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் அமைதியாகக் கடக்கும்.

சின்னாளபட்டி அம்மா ஒருவருக்கு மகள் பெயர் நினைவில்லை. சுங்குடித் துணியை மடித்துக் கொடுத்தால் விரல் புள்ளியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும். ஒருநாள் நானும் போட்டேன். தடவிப் பார்த்துவிட்டு, “இது அவுந்துரும், பிரிச்சுப் போடு” என்றார். அவர் சொன்னது சரி.

பாட்டு விஷயத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மனதில் ஆழமாக நிற்பது பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் கேட்டவை. இப்போது எண்பது வயதில் இருப்பவருக்கு அது அறுபதுகளின் பாட்டு. டி.எம்.எஸ்., பி. சுசீலா, இலங்கை வானொலியில் கேட்டவை. எழுபதுகாரருக்கு அப்படியே பத்து வருஷம் தள்ளிப் போடுங்கள். வயதானவர்கள் என்றாலே பக்திப் பாட்டு என்று முடிவு கட்டிவிடுகிறோம். எங்கள் இல்லத்தில் சாமி கும்பிடாதவர்கள் இருக்கிறார்கள், மாதா கோவில்காரர்கள் இருக்கிறார்கள், ஐந்து வேளை தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பஜனையை எல்லோர் மேலும் திணிப்பது தவறு.

அரசியல் பேசலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். 1973 மே மாதம் நம் திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார், அ.தி.மு.க.வுக்கு அது முதல் வெற்றி. அந்தப் பேச்சை எடுத்தால் போதும், டிவிக்கு எதிரே அசையாமல் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். எம்.ஜி.ஆர். எந்த வழியாக வந்தார், யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார், யார் வீட்டில் அடி வாங்கினார் என்று சண்டையே வரும். வரட்டும். சண்டை போடுகிறவர்கள் மறுநாள் பேசியதைத் தொடரக் காத்திருக்கிறார்கள்.

படுக்கையில் இருப்பவர்களை எந்த டைம்டேபிளும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு ஹாலும் வேண்டாம், வட்டமும் வேண்டாம். பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் வர வேண்டும். தினத்தந்தியில் திண்டுக்கல் பக்கச் செய்தியை வாசித்துக் காட்டலாம், கைக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம், நிலக்கோட்டை மல்லி ஒரு முழம் தலையணைப் பக்கம் வைக்கலாம். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புவதற்குக் காசு செலவே இல்லை.

வர மாட்டேன் என்பவரை இழுக்காதீர்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டார், புத்தகமும் அவருமாக இருப்பார். அவருக்கு அதுதான் நிறைவு. அவரிடம் போய்க் கைதட்டச் சொல்வது அவமானப்படுத்துவது. நிர்வாகம் தலை எண்ணிக் கணக்குக் கேட்கும். தலை எண்ணிக்கையோடு, யார் புதிதாகப் பேசினார், யார் தானாக எழுந்து வந்தார், யார் நன்றாகத் தூங்கினார் என்றும் எழுதிக் கொடுங்கள். கொஞ்ச நாளில் அதையும் கேட்க ஆரம்பிப்பார்கள்.

ஆயாக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒன்றும் நடக்காது. குளிப்பாட்டுகிற நேரத்தில் நிகழ்ச்சி வைத்து அவர்களுக்கு இரட்டை வேலை கொடுக்காதீர்கள். யாருக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

தைப்பூசத்துக்கு முன்னால் பழனிப் பாதயாத்திரை திண்டுக்கல் வழியாகப் போகும், தெரியுமல்லவா. கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, முடிந்தவர்கள் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுப்பார்கள். மோரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு இஞ்சி என்று முந்தின நாளே பஞ்சாயத்து நடக்கும். வருஷம் முழுக்க யாராவது கொடுப்பதை வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் அன்றைக்கு ஊருக்குக் கொடுக்கிறார்கள். நடந்து வருகிறவர்கள் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். என்னைக் கேட்டால் எங்கள் இல்லத்தில் வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான்.

யாராவது இறந்துவிட்டால் பின்வாசல் வழியாக எடுத்துப்போய்விட்டு, ‘ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க’ என்று சொல்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மற்றவர்கள் மனசு தாங்காது என்கிறார்கள். நூறு சாவு பார்த்தவர்கள் அவர்கள். உடனிருந்தவரின் முகத்தைப் பார்க்க, ஒரு பூப் போட, அழ அவர்களுக்கு இடம் கொடுங்கள். நம்மையும் இப்படித்தான் ஓசையில்லாமல் எடுத்துப்போவார்கள் என்ற நினைப்புத்தான் அவர்களை அதிகம் வாட்டும். இதை நிர்வாகத்திடம் பேசிப் புரியவைப்பதும் நம் பொறுப்பு.

கடைசியாக, இந்த வேலைக்கு வராத, ஆனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட வருகிறீர்கள், நல்லது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று குடும்பம் பிரியாணியும் லட்டுமாக வந்தால் சர்க்கரைக்காரர்கள் என்ன ஆவார்கள்? முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள். போட்டோ எடுப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்து, ஒரு மணி நேரம் தாயமோ ஆடுபுலியோ ஆடிவிட்டுப் போங்கள். அடுத்த செவ்வாயும் வாருங்கள். பட்டறையில் பழைய பூட்டு, தறிவீட்டில் துண்டு நூல், வீட்டில் ஓடுகிற ரேடியோ கிடந்தால் பக்கத்து இல்லத்துக்குக் கொடுங்கள். எங்காவது ஒரு முதியவர் கைவிடப்பட்டோ துன்புறுத்தப்பட்டோ இருப்பது தெரிந்தால் 14567 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் கிடையாது.